வலது பக்கத்து உதை

சித்ரலேகாவுக்கு வயித்துல கெடந்த புள்ள மேல வந்ததெல்லாம் அருவருப்புதான். "தாய்ப்பாசம் பொங்குமே ஏட்டி"ன்னு எவளாவது கொஞ்சிக்கிட்டு வந்தா, அவ வாயிலயே ஒண்ணு போடலாம்னு வரும். பொங்குறது பாசமா? புளிச்ச தண்ணி! தொண்டக்குழி வரைக்கும் வந்து நின்னு எரிக்கும். ஒம்பதாம் மாசம் பொறந்து பத்து நாள் ஆச்சி. படுத்தா உதைக்கு, உக்காந்தா உதைக்கு, எந்திரிச்சி நின்னா விலா எலும்புக்கு அடியில குதிங்கால வச்சி நெம்புது. சேலைக்கு மேலயே பாக்கலாம், ஒரு முட்டி இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசிக்கு ஊர்ந்து போறத. சாக்குக்குள்ள பூனையப் போட்டு வாயக் கட்டுன மாதிரி இருக்கும். அத அவளே பாத்துட்டு முகத்தத் திருப்பிக்கிடுவா.

இதுலயும் கேவலம் மூத்திரம். மளிகைக் கடையில நின்னு கால் கிலோ துவரம்பருப்பு கேட்டுக்கிட்டு இருக்கா, உள்ள இருந்து அடிவயித்துல விட்டுச்சி பாருங்க ஒரு உதை, நின்ன எடத்துலயே பாவாடை நனைஞ்சு போச்சி. கடைக்கார அண்ணாச்சி நல்ல மனுசன். மேல சாமி படத்தப் பாத்துக்கிட்டே பருப்ப நிறுத்துக் குடுத்தாரு. சித்ரலேகாவுக்குச் செத்துரலாமான்னு இருந்துச்சி. திருநெல்வேலி டவுன் பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்புக்கு அறிவியல் சொல்லிக்குடுக்குத டீச்சர் அவ. நாப்பது புள்ளய அவ கண்ண உருட்டுனா அடங்கும். இந்த ஒரு சவம் அடங்க மாட்டேங்குது.

அவளும் என்னல்லாமோ செஞ்சி பாத்தா. முழங்காலுக்கு நடுவுல தலையணைய வச்சி இடது பக்கமா ஒருச்சாச்சிப் படுத்தா. புறவாசலுக்கும் முன்கூடத்துப் பட்டாசலுக்கும் இடுப்புல கைய வச்சிக்கிட்டு நடந்தா. விலாவுல கால் மாட்டிக்கிட்டா செவுத்தப் பிடிச்சிக்கிட்டுப் பைய முன்னால குனிவா, அப்போ கொஞ்சம் எறங்கும். ஒண்ணும் ஆகலன்னா உள்ளங்கையால அந்தக் கால அமுக்கித் தள்ளுவா. இவ தள்ள, அது திருப்பித் தள்ள, ரெண்டும் சரிக்குச் சரி சண்டதான்.

போன தடவ பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனப்போ இதச் சொல்லி அழுதா. அங்கன இருந்த வயசான சிஸ்டர் சிரிச்சிட்டு, "உதைக்குதுன்னு நீ அழுதா எங்களுக்குச் சந்தோசம்மா. உதைக்கலன்னாத்தான் எங்களுக்கு வயித்தக் கலக்கும். காலைல எந்திரிச்சதுல இருந்து எண்ணிக்கிட்டு வா. ராத்திரிக்குள்ள பத்து அசைவுக்குக் கொறைஞ்சா அன்னைக்கே வந்துரணும், நாளைக்குப் பாப்போம்னு இருக்கப்பிடாது"ன்னு சொல்லி அனுப்புனாவ. பத்தாம்லா பத்து! பல்லு வெளக்கி முடிக்க முன்னாலயே பத்து ஆயிரும்னு நெனச்சிக்கிட்டு வந்தா சித்ரலேகா.

ஸ்ரீவைகுண்டத்துல மேலத்தெருவுல அவ தாய் வீடு. புருசன் நடராஜ் கம்பெனி பயிற்சின்னு ஒரு மாசத்துக்கு மெட்ராஸுக்குப் போயிட்டான். அப்பா இல்ல, தவறி நாலு வருசம் ஆச்சி. அம்மை அன்னத்தாய் ஒத்தையில நின்னு மகளக் கட்டிக் குடுத்தவ. அதனால ஊரு என்ன சொல்லும், சம்மந்தக்காரங்க என்ன நெனைப்பாங்கன்னுதான் அவ மூச்சு விடுததே.

புள்ள உதைக்குதது அன்னத்தாய்க்குப் பெருமையோ பெருமை. தெருப் பொம்பளைக எவ வந்தாலும், "வா, வந்து கை வச்சிப் பாரு"ன்னு கூப்புடுவா. கேக்கணுமா? மாவாட்டுன கை, மாட்டுக்குத் தவிடு வச்ச கை, புள்ளைக்கு மூக்கச் சிந்திவிட்ட கை, எல்லாம் வந்து சித்ரலேகா வயித்துல ஒக்காரும். அவகிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு ஒருத்திக்கும் தோணாது. அது உதைக்காமச் சும்மா கெடந்தா அன்னத்தாய் வெரசா அடுக்களைக்குள்ள போயி கருப்பட்டிப் பானகம் கரைச்சிக் கொண்டாருவா. இனிப்பு உள்ள போன அஞ்சு நிமிசத்துல ஆட்டம் ஆரம்பிச்சிரும். "பாத்தியளா, எம் பேரன!"ன்னு அன்னத்தாய் சிரிப்பா. குரங்காட்டி கூட குரங்குக்குச் செத்த நேரம் ஓய்வு குடுப்பான்.

புதன்கிழமை சாயங்காலம் ஒரு ஆட்டம் ஆடுச்சி பாருங்க, அது வரைக்கும் ஆடுனதெல்லாம் ஒண்ணுமே இல்ல. வயிறு ஒரு பக்கமாக் கோணிப் போச்சி. சித்ரலேகா கட்டில் காலப் பிடிச்சிக்கிட்டு, "கொஞ்சம் சும்மா கெடேன் சனியனே!"ன்னு கத்தியே போட்டா. அம்மை ஓடி வந்து, "புள்ளத்தாச்சி வாயில வார வார்த்தையா இது"ன்னு வாயில வாயில போட்டுக்கிட்டா.

மறுநாள் வியாழக்கிழமை அது சும்மா கெடந்துச்சி.

அப்பாடான்னு இருந்துச்சி அவளுக்கு. ரெண்டு மாசத்துக்குப் பொறவு அன்னைக்குத்தான் மத்தியானம் நிம்மதியா ரெண்டு மணி நேரம் தூங்குனா. சொதியும் இஞ்சித் தொவையலுமா ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டா. நெஞ்சு எரியல, பாவாடை நனையல. இடையில ஒண்ணு ரெண்டு அசங்குன மாதிரி இருந்துச்சி. அவ எண்ணல. எண்ணுனா அது முழிச்சிக்கிடும்னு பயந்த மாதிரி, நெனப்ப வேற பக்கம் திருப்பிக்கிட்டா.

வெள்ளிக்கிழமை காலைல பல்லு வெளக்கும்போதுதான் அவளுக்குச் சுருக்குன்னுச்சி. பல்லு வெளக்கி முடிச்சாச்சி, ஒண்ணு கூட இல்ல. இட்லி தின்னுட்டு இடது பக்கமாப் படுத்து எண்ணிப் பாத்தா. அரைமணி ஆச்சி, ஒரு மணி ஆச்சி. அவளே அடுக்களைக்குப் போயி பானகம் கரைச்சி ரெண்டு டம்ளர் குடிச்சா. அமுக்கித் தள்ளுனா. திருப்பித் தள்ள ஆளு இல்ல. மணி பதினொண்ணு வரைக்கும் ஒரே ஒரு தடவ என்னமோ உருண்டுச்சி, அதுவும் குடல்காத்தோ என்னவோ.

"எம்மா, நேத்துல இருந்து அசையலம்மா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அன்னத்தாய் தேங்கா துருவிக்கிட்டு இருந்தா. நிமிந்து கூடப் பாக்கல. "தல கீழ எறங்கிருக்கும். உள்ள எடமில்லாட்டா அடங்கத்தான் செய்யும். இத்தன நாளும் உதைக்கு உதைக்குன்னு அழுத, இப்போ உதைக்கலன்னு அழுதியாக்கும்!"

"சிஸ்டர் அன்னைக்கே வரணும்னு சொன்னாவ."

"வராம எங்க போறோம்? இன்னைக்கு உங்க அத்தை வீட்டுல இருந்து வாராவ. அவியல் வெந்துக்கிட்டு இருக்கு. வந்தவங்களுக்கு எல போட்டு அனுப்பிட்டுப் போவோம். தகப்பன் இல்லாத வீட்டுல மரியாதை தெரியலன்னு பேரு வாங்கித் தந்துராத தாயே."

மாமியார் ஆவுடையம்மா வீட்டுல ஒரு வழக்கம் உண்டு. தலைச்சன் புள்ளன்னா ஒம்பதாம் மாசத்துல மாப்பிள்ள வீட்டுப் பொம்பளைக பலகாரத்தோட வந்து, வயசு வரிசையில ஒவ்வொருத்தியா வயித்துல கை வைக்கணும். எந்தப் பக்கம் உதைக்குன்னு சொல்லணும். வலது பக்கம்னா பையன், இடது பக்கம்னா பொட்ட. மொதல்ல மூத்தவதான் சொல்லுவா. மூத்தவ சொன்னத இளையவ மாத்திச் சொல்லப்பிடாதுன்னு யாரும் சட்டம் போடல. ஆனா இது வரைக்கும் யாரும் மாத்திச் சொன்னதும் இல்ல.

பன்னெண்டரைக்கு தானியேல் அண்ணாச்சியோட வாடகைக் கார் வாசல்ல வந்து நின்னுச்சி. ஆவுடையம்மா எறங்குனா, அவ மக பகவதி எறங்குனா. கடைசியா, ரெண்டு பேரு கையப் பிடிச்சி இழுக்க, ஆவுடையம்மாவோட அக்கா சங்கரவடிவு எறங்குனா. எல்லாருக்கும் அவ பெரியத்தை. பெருத்த சரீரம், கழுத்து நெறைய நகை, மூக்குல ரெண்டு பக்கமும் பேசரி. மூக்குப்பொடி போடுத பழக்கம் அவளுக்கு. வலது கையில பெருவிரலும் சுட்டுவிரலும் எப்பவும் பழுப்பாத்தான் இருக்கும், அதுல ஒரு நாத்தம்.

சித்ரலேகாவ நடு பட்டாசல்ல பாயில உக்கார வச்சாங்க. "அத்தை, புள்ள நேத்துல இருந்து அசையல"ன்னு அவ மாமியாரப் பாத்து மொத வார்த்தையே அதத்தான் சொன்னா. ஆவுடையம்மா பதில் சொல்ல முன்னால அன்னத்தாய் முந்திக்கிட்டா. "சும்மா சொல்லுதா மதினி! காலைல கூட ஆடுச்சி. நீங்கல்லாம் வருவியன்னு இப்போ தூங்குதான்." சொல்லிட்டு மகளப் பாத்து ஒரு மொறை மொறைச்சா.

பெரியத்தை மூக்குல ஒரு சிமிட்டா பொடியப் போட்டு இழுத்துட்டு, அதே கையச் சேலையில துடைச்சிட்டு, அதே கையக் கொண்டாந்து வயித்துல வச்சா. சேலைய வேற வெலக்கிவிட்டுத்தான் வச்சா. கை பிசுபிசுன்னு இருந்துச்சி. சித்ரலேகா மூச்ச அடக்கிக்கிட்டா. ஒரு நிமிசம் போச்சி. எல்லாரும் பெரியத்தை வாயப் பாத்துக்கிட்டு இருக்காங்க.

"ஏயப்பா! வந்துட்டாம்லா ராசா! வலது பக்கம்! என்னா உதை உதைக்கான்!"

சித்ரலேகாவுக்கு ஒண்ணும் புரியல. அவ வயிறு, அவளுக்குள்ள, ஒரு அசக்கம் கெடையாது. இந்தப் பொம்பள என்னத்தச் சொல்லுதா? "பெரியத்தை, அசையலயே"ன்னா.

"உனக்கு என்னட்டி தெரியும், தலைச்சன் புள்ளக்காரி! நான் ஆறு பெத்தவ."

அடுத்தது அன்னத்தாயையும் கூப்புட்டாங்க, அவ அடுக்களையில இருந்து ஓடியாந்து வச்சா. "ஆமா மதினி, வலது பக்கந்தான்!" பொறவு ஆவுடையம்மா வச்சா. அவ கை மட்டும் ரொம்ப நேரம் இருந்துச்சி. விரல மாத்தி மாத்தி, கீழ ஒருக்க, மேல ஒருக்க, பைய அமுக்கிப் பாத்தா. சித்ரலேகா அவ கண்ணையே பாத்தா. சொல்லுங்க அத்தைன்னு கெஞ்சாத கொறைதான். ஆவுடையம்மா கண்ணத் தாழ்த்திக்கிட்டு, "ஆமாக்கா"ன்னு மட்டும் சொல்லிட்டு கைய எடுத்துட்டா. கடைசியா பகவதி வச்ச கைய எடுக்கக்கூட இல்ல, "ஏ அம்மாடி, எனக்கு ரெண்டு உதை!"ன்னு குதிச்சா.

நாலு பேரு. நாலும் பெத்தவளுக. கூசாம, ஒருத்தி முகத்த ஒருத்தி பாத்துக்கிட்டு, இல்லாத உதைய எண்ணுதாளுக. சித்ரலேகாவுக்கு உடம்பெல்லாம் புழு ஊர்ந்த மாதிரி ஆயிட்டு. அந்த நேரம் பாத்து பெரியத்தை ஒரு அதிரசத்தப் பிட்டு, அந்தப் பழுப்பு விரலாலயே, "ஆம்பளப் புள்ளக்காரி, வாயத் தொற"ன்னு அவ வாயில திணிச்சா. எண்ணெயும் பொடி நாத்தமும் சேந்து உள்ள எறங்குச்சி. அவ்வளவுதான். ஓங்கரிச்சி வந்துச்சி பாருங்க, காலைல குடிச்ச பானகம், இட்லி, அதிரசம், அம்புட்டும் பெரியத்தை மடியிலயே கொட்டிட்டா. பட்டுச்சேலை.

"சீ! சீ! கருமம்!"ன்னு பெரியத்தை துள்ளிக் குதிச்சா. பகவதி மூக்கப் பொத்திக்கிட்டு புறவாசலுக்கு ஓடுனா. அன்னத்தாய் மகளப் பாக்கல, சொம்புத் தண்ணியத் தூக்கிக்கிட்டு சேலையக் கழுவ ஓடுனா. "மன்னிச்சிக்கிடுங்க மதினி, மன்னிச்சிக்கிடுங்க"ன்னு ஒரே பொலம்பல்.

சித்ரலேகா முந்தானையால வாயத் துடைச்சிக்கிட்டு செவுத்தப் பிடிச்சி எந்திரிச்சா. செருப்புக் கூடப் போடாம நேரா வாசலுக்கு நடந்தா. தானியேல் அண்ணாச்சி கார் நெழல்ல நின்னு வெத்தல போட்டுக்கிட்டு இருந்தாரு. இவ பின் கதவத் தொறந்து உள்ள ஏறி உக்காந்துக்கிட்டா.

"அண்ணாச்சி, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வண்டிய எடுங்க. எம் புள்ள அசையல."

அவரு ஒரு நிமிசம் அவ முகத்தப் பாத்தாரு. வெத்தலையத் துப்பிட்டு வண்டியில ஏறுனாரு. சத்தம் கேட்டு நாலு பொம்பளைகளும் ஓடியாந்தாளுக. "எல போட்டாச்சி, எங்கட்டி போற?"ன்னா அன்னத்தாய். "எறங்கு, கோட்டியா புடிச்சிருக்கு?"ன்னா பெரியத்தை. சித்ரலேகா கார்க் கதவப் பிடிச்ச கைய விடல. வேற வழியில்லாம எல்லாரும் ஏறுனாங்க. பெரியத்தை ஈரச்சேலையோட முன் சீட்டுல உக்காந்தா.

வழி நெடுக ரெண்டு பக்கமும் வாழத் தோட்டம், மேல தீயா வெயில். முக்கா மணி நேரப் பாதை. கார் குலுங்கும்போதெல்லாம் சித்ரலேகா வயித்த ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டா. உதைடா, இல்ல உதைட்டி, என்னமும் செய், விலாவ ஒடி, என்னய நாறடி, ஒரே ஒரு உதை விடுன்னு உள்ளுக்குள்ள கெஞ்சிக்கிட்டே வந்தா. நேத்து அது அடங்குனதுக்குச் சந்தோசப்பட்டு வெஞ்சனத்த வாங்கி வாங்கித் தின்னமேன்னு அவ மேலயே அவளுக்குக் கொமட்டுச்சி. முன்னால பெரியத்தை, "வலது பக்கம் அப்படி உதைச்சிச்சி, இவ என்னத்துக்கு இந்தக் கூத்தாடுதா"ன்னு சொல்லிக்கிட்டே வந்தா. அன்னத்தாய் "ஆமா மதினி, ஆமா மதினி"ன்னா.

ஆஸ்பத்திரி முன் மேசையில இருந்த சிஸ்டர் வேற ஆளு, சின்ன வயசு. பெஞ்சுல வரிசையா பதினஞ்சு பொம்பளைக உக்காந்திருக்காங்க.

"எப்போம்மா கடைசியா அசைஞ்சுது?"

சித்ரலேகா வாயத் தொறக்க முன்னால அன்னத்தாய், "மத்தியானம் கூட உதைச்சிச்சி சிஸ்டர். நாங்க நாலு பேரும் கை வச்சிப் பாத்தோம்லா"ன்னுட்டா.

"நாலு பேரும் பாத்தியளா?"

"ஆமா, வலது பக்கம்"னா பகவதி.

சிஸ்டர் நோட்ட மூடிட்டா. "அப்போ பயப்பட ஒண்ணுமில்ல. மொதப் புள்ளன்னா இப்படித்தான் பதட்டமா இருக்கும். வரிசையில உக்காருங்க, டாக்டரம்மா நாலு மணிக்கு மேல பாப்பாங்க." மணி ஒண்ணே முக்கா.

சித்ரலேகாவுக்கு வந்துச்சி பாருங்க ஆத்திரம், வகுப்புல கூட அப்படி ஒரு சத்தம் போட்டிருக்க மாட்டா. "பொய்! அம்புட்டும் பொய் சிஸ்டர்! நேத்துக் காலைல இருந்து அசையல. இவங்க ஒருத்தி கையிலயும் ஒண்ணும் தட்டல. ஒவ்வொருத்தியா நிப்பாட்டிக் கேளுங்க! சாமி சத்தியமா உதைச்சிதான்னு கேளுங்க!"

பெஞ்சுல இருந்தவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க. சிஸ்டர் எந்திரிச்சி பெரியத்தை முன்னால வந்து நின்னா. "சொல்லுங்கம்மா. புள்ள உசுரு சமாச்சாரம். உதைச்சிதா?"

பெரியத்தை மூக்கத் துடைச்சிக்கிட்டா. "என்னமோ... ஒரு அசக்கம் மாதிரி இருந்துச்சி. எனக்குத்தான் கை நடுக்கம் உண்டே. ஆவுடை கூட ஆமான்னாளே."

"பெரியம்மை சொன்னாளேன்னு சொன்னேன்"னா பகவதி, தரையப் பாத்துக்கிட்டு.

"சம்மந்தக்காரங்க இருக்குன்னு சொல்லும்போது நான் எப்படி சிஸ்டர் இல்லன்னு சொல்ல?"ன்னு அன்னத்தாய் அழ ஆரம்பிச்சிட்டா.

கடைசியா ஆவுடையம்மா. அவ அழல. கொரல் கூட ஏறல. "உதைக்கல சிஸ்டர். கை வச்ச ஒடனே எனக்குத் தெரிஞ்சி போச்சி. எனக்கு ரெண்டாவது புள்ள இப்படித்தான் ஒரு நாள் முழுக்க அசையாமக் கெடந்துச்சி. அன்னைக்கும் எல்லாரும் கை வச்சிப் பாத்துட்டு உதைக்கு, உதைக்குன்னுதான் சொன்னாவ. மறுநாள் செத்துப் பொறந்துச்சி."

சித்ரலேகா மாமியார் பக்கம் திரும்புனா. "தெரிஞ்சும் ஆமான்னு சொன்னியளா அத்தை?"

"அக்கா சொன்னப்பொறவு நான் எப்படி மாத்திச் சொல்ல?"ன்னா ஆவுடையம்மா.

அதுக்கு மேல சிஸ்டர் அங்க நிக்கல. சித்ரலேகா கையப் பிடிச்சி இழுத்துக்கிட்டு உள்ள ஓடுனா. கட்டில்ல படுக்க வச்சி, நெஞ்சுத்துடிப்பு கேக்குத கொழல வயித்துல வச்சிக் காதக் குடுத்தா. ஒரு எடம், ரெண்டாவது எடம், மூணாவது எடம். அவ உதடு மட்டும் எண்ணிக்கிட்டே இருந்துச்சி. "இருக்கு"ன்னா. "ரொம்ப மெதுவா இருக்கு"ன்னா. பொறவு யாரையோ பேரச் சொல்லிக் கத்துனா. நாலு மணிக்கு வரவேண்டிய டாக்டரம்மா அஞ்சு நிமிசத்துல சாப்பாட்டுக் கைய ஒதறிக்கிட்டு வந்தாங்க. காகிதத்துல கையெழுத்துப் போட ஆவுடையம்மாவக் கூப்புட்டாங்க. ரெண்டே முக்காலுக்கு வயித்தக் கீறி எடுத்துட்டாங்க.

கொடி கழுத்துல ரெண்டு சுத்து. நீலமா, துவண்ட துணி மாதிரி வந்துச்சாம், ரெண்டு நிமிசம் கழிச்சித்தான் அழுதுச்சாம். "நாலு மணி வரைக்கும் உக்காந்திருந்தா உங்கிட்ட வெறுங்கையத்தான் நீட்டியிருப்பேன்"னு டாக்டரம்மா மறச்சிப் பேசாமச் சொன்னாங்க. நாலு நாள் கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்க. பையன்.

அதுதான் வெனை. பையன்னு தெரிஞ்ச ஒடனே பெரியத்தைக்குப் போன உசுரு திரும்பி வந்துட்டு. அஞ்சாம் நாள் புள்ளையத் தாய்கிட்டக் குடுத்ததும், கூட்டத்தோட அறைக்குள்ள வந்து நின்னா. "நான் சொன்னமா இல்லயா, வலது பக்கம்னு? எங்கையிலதாம்லா மொதல்ல உதைச்சான்!" பகவதி ஒடனே, "எனக்கு ரெண்டு உதை பெரியம்மை"ன்னா. அன்னத்தாய் கண்ணத் தொடைச்சிக்கிட்டு, "உங்க ராசிக் கை மதினி"ன்னா. ஆஸ்பத்திரி மேசைக்கு முன்னால நடந்தது ஒண்ணு கூட ஒருத்திக்கும் ஞாபகம் இல்ல.

சித்ரலேகா தையல் வலியோட ஒருச்சாச்சிப் படுத்திருந்தா. கைக்குள்ள புள்ள. சுள்ளி மாதிரி ரெண்டு காலு, அதுலதான் இம்புட்டும் பட்டாளா அவ. பெரியத்தை ஒரு சின்னக் கிண்ணத்துல கருப்பட்டித் தண்ணி கரைச்சிக் கொண்டாந்திருந்தா. சேனை வைக்கணுமாம். பொறந்த புள்ள நாக்குல மொதல்ல யாரு இனிப்பத் தொட்டு வைக்காளோ, அவ குணம்தான் புள்ளைக்கு வரும்பாங்கள்லா. நாலு நாளாப் பெட்டியில இருந்ததால அது பாக்கி.

"வீட்டுக்கு மூத்தவ நாந்தான் வைக்கணும். வாயத் தொறடா ராசா, எங் குணம் உனக்கு வரட்டும்."

அந்தப் பழுப்பு விரல் கிண்ணத்துல முங்கி, சொட்டுச் சொட்டா ஒழுகிக்கிட்டு வந்துச்சி. சித்ரலேகா உள்ளங்கையால புள்ள வாயப் பொத்திட்டா.

"வேண்டாம் பெரியத்தை. உங்க குணம் இவனுக்கு வேண்டாம்."

பெரியத்தை விரல நீட்டுனபடியே நின்னா. அன்னத்தாய் பதறிப் போயி, "ஏட்டி, என்ன பேச்சு பேசுத! சரி, நான் வைக்கேன், நான் வைக்கேன்"னு முன்னால வந்தா.

"உங்க குணமும் வேண்டாம்மா."

பகவதி கேக்கவே இல்ல, ரெண்டு அடி பின்னால போயிட்டா.

மிச்சம் ஆவுடையம்மா. எல்லாரும் அவளப் பாத்தாங்க. அவ ஜன்னல் ஓரத்துல நின்னுக்கிட்டு இருந்தவ, கிட்ட வந்தா. அக்கா கையில இருந்த கிண்ணத்த வாங்குனா. அக்கா விடல, இவ இழுத்து வாங்குனா. நேரா கை கழுவுத தொட்டிக்குப் போயி, கருப்பட்டித் தண்ணிய ஒரு சொட்டு மிச்சமில்லாமக் கொட்டுனா. கொழாயத் தொறந்து கிண்ணத்தக் கழுவுனா. கழுவிக் கவுத்தி வச்சிட்டு, யாரையும் பாக்காம ஜன்னல் பக்கமே போயி நின்னுக்கிட்டா.

அப்பவும் அவ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல.